கணக்கேடு தானாகப் பேசுமா?

‘இனி நிருபரை நம்ப வேண்டியதில்லை, பத்திராதிபரை நம்ப வேண்டியதில்லை, அழிக்க முடியாத கணக்கேடு ஒன்று வந்துவிட்டது, அது பொய் சொல்லாது’ என்னும் கூற்று அண்மைக் காலமாக எம்மிடையே பெருவழக்காகி வருகின்றது. ‘பிளொக்செயின்’ எனப்படும் தொடர்க் கணக்கேட்டைப் பற்றியே இவ்வாறு கூறப்படுகின்றது. தொழில்நுட்ப வணிகரின் மேடைகளிற் பிறந்த இவ்வாசகம் இப்பொழுது ஆசிரியர் அறைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் எதிரொலிக்கின்றது. மறுபுறத்தில் எம்மைச் சேர்ந்த நண்பர்கள் சிலர், ‘அது சூதாடிகளினதும் கள்ளக் கடத்தற்காரரினதும் கருவி, அதை ஆராய்வதில் முற்போக்காளருக்கு என்ன வேலை?’ என்று கூறிக் கைகழுவி விடுகின்றனர்.

இவ்விரு சாராரும் எதிரெதிராக நிற்பவர் போலத் தோன்றினும் ஒரே தவறையே செய்கின்றனர் என்பது எமது துணிபு. முன்னவர் கருவியைக் கடவுளாக்குகின்றனர்; பின்னவர் அதனைப் பேயாக்குகின்றனர். அக்கணக்கேட்டை வாசிக்கும் மனிதன் யார், அவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யார், அவனைச் சிறையிலிடும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்ற வினாக்களை இருவருமே எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய வினாக்களோ இவையே.

முதலிற் பொருள் யாதென விளங்கிக்கொள்வோம். சாதாரண வங்கியின் பேரேடு வங்கிக்குள்ளே பூட்டிக் கிடப்பது. வங்கி அலுவலரும் கணக்காய்வாளரும் நீதிமன்றின் ஆணை பெற்றவருமே அதனைப் பார்க்கலாம். பிட்கொயின் போன்ற நாணயங்களின் பேரேடோ ஒரே வேளையில் உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளது. அதன் ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தின் சுருக்கக் குறியொன்றைத் தன்னுள்ளே தாங்கி நிற்கின்றது. ஆதலின் பழைய பக்கமொன்றில் ஓர் இலக்கத்தை மாற்றினும் அதன்பின் வந்த பக்கங்கள் அனைத்தும் பொருந்தாது போய்விடும். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்நேரத்தில், எவ்வளவு தொகை சென்றது என்பதை எவரிடமும் அனுமதி கேளாது எவரும் வாசிக்கலாம். ஆனால் அம்முகவரி வெறும் எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு கோவை. அதில் ஊர் இல்லை, பேர் இல்லை.

2009 ஜனவரி 3 ஆந் திகதி எழுதப்பெற்ற பிட்கொயின் ஏட்டின் முதற் பக்கத்திலே, அன்றைய இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் தலைப்புச் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பிரித்தானிய நிதியமைச்சர் வங்கிகளை இரண்டாந் தடவையும் மீட்டெடுக்க வேண்டிய நிலையின் விளிம்பில் நிற்கிறார் என்பதே அச்செய்தி. பத்திரிகையையே வேண்டாததாக்கும் என்று போற்றப்படும் ஏடு, தான் பிறந்த நாளுக்குச் சாட்சியாக ஒரு பத்திரிகையைத்தான் துணைக்கழைத்தது என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க.

இவ்வேட்டினாற் பத்திரிகைத் தொழிலுக்குப் பயனே இல்லை என்போருக்கு முதலில் விடை கூறுவோம். 2017 மே 12 ஆந் திகதி ‘வன்னாக்ரை’ என்னும் நாச நிரல் உலகெங்கும் பரவியது. கணினிகளிலிருந்த கோப்புக்களைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு கணினிக்கும் 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கப்பமாகக் கேட்டது. பிரித்தானியாவின் பொது வைத்தியசாலைகளில் நோயாளருக்குக் குறித்திருந்த சிகிச்சைகள் தடைப்பட்டன. கப்பம் செலுத்துமாறு காட்டப்பட்ட முகவரிகள் மூன்றே. ‘குவாட்ஸ்’ என்னும் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த கீத் கொலின்ஸ் என்ற பத்திரிகையாளர், அம்மூன்று முகவரிகளையும் இடையறாது கண்காணித்து, பணம் வரும்போதெல்லாம் பகிரங்கமாக அறிவிக்கும் சிறு நிரலொன்றை அமைத்தார். அரசாங்க அறிக்கையை எதிர்பாராமலே, எவ்வளவு கப்பம் சேர்கின்றது என்பதை உலகம் கண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,40,000 டொலர் அம்முகவரிகளிலிருந்து வெளியேறியபோது அதனையும் கண்டது. அமைச்சரின் வாயைப் பார்த்துக் காத்திராத பத்திரிகைத் தொழில் இது. இதனை வேண்டாமென்று தள்ளுபவர் யாருக்கு உதவி செய்கின்றனர்?

ஆளும் வர்க்கத்தின் விருந்து மண்டபத்தினுள்ளும் இவ்வேடு சிறிது வெளிச்சம் பாய்ச்சியுள்ளது. டொனால்ட் ட்ரம்ப் இரண்டாந் தடவை ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்கு மூன்று நாட்களின் முன்னர், 2025 ஜனவரி 17 ஆந் திகதி, அவரது பெயரிலேயே ஒரு நாணயம் சந்தைக்கு விடப்பட்டது. அதனைக் கூடுதலாக வைத்திருக்கும் 220 பேருக்கு ஜனாதிபதியுடன் விருந்து என்ற அறிவிப்பு ஏப்ரலில் வந்தது. விருந்து மே 22 ஆந் திகதி நடந்தது. விருந்தினர் பட்டியலை வெளியிட மறுத்தனர். ஆயின் நாணயம் சென்ற முகவரிகளை மறைக்க அவர்களாலும் முடியவில்லை. முதல் 25 முகவரிகளை ஆராய்ந்த ‘புளூம்பேர்க்’ நிருபர்கள், அவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்கரை வாடிக்கையாளராக ஏற்காத நாணயமாற்று நிறுவனங்களோடு தொடர்புற்றிருப்பதைக் கண்டு, அவற்றின் உடைமையாளர் வெளிநாட்டவராகவே இருத்தல் கூடும் என முடிவு செய்தனர். பட்டியலின் முதலிடத்தில் நின்றவர் தாமே என்பதைச் சீனாவிற் பிறந்த கோடீசுவரர் ஜஸ்ரின் சன் பின்னர் பகிரங்கமாகவே கூறினார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு அவர்மீது 2023 இல் தொடுத்த வழக்கோ, 2025 பெப்ரவரியில் இடைநிறுத்தப்பட்டிருந்தது. பணமும் பதவியும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதை இலக்கங்களைக் கொண்டு காட்டுவது இழிவான வேலையா?

இனி, கருவியைக் கடவுளாக்குவோரிடம் வருவோம். வன்னாக்ரையின் பணம் வெளியேறியதை ஏடு காட்டிற்று. எடுத்தவன் யாரென அது காட்டவில்லை. ஐக்கிய அமெரிக்கா பின்னர் வடகொரியாவைக் குற்றஞ்சாட்டியபோது முன்வைத்த ஆதாரங்களிற் பிரதானமானவை, நிரல்களிடையே காணப்பட்ட ஒற்றுமைகளும் மின்னஞ்சற் கணக்குகளுமே. ட்ரம்பின் விருந்தினரைப் பற்றிய முடிவும் நிருபர்கள் வேறு செய்திகளோடு பொருத்திப் பார்த்துச் செய்த அனுமானம். இலக்கத்திலிருந்து மனிதனுக்குச் செல்லும் பாதையில் ஒரு பாலம் உண்டு. அப்பாலத்தை ஏடு கட்டுவதில்லை.

அப்பாலத்தைக் கட்டாது தாண்ட முயல்வதன் விளைவு யாது? 2023 ஒக்டோபர் 10 ஆந் திகதி, காஸா மீது குண்டுகள் விழத் தொடங்கிய நாட்களில், ‘வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்’ ஒரு செய்தி வெளியிட்டது. பாலஸ்தீன இஸ்லாமிய ஜிகாத் இயக்கம் 2021 ஓகஸ்டுக்கும் 2023 ஜூனுக்கும் இடையில் 9 கோடி 30 இலட்சம் டொலர் வரை கிரிப்டோ நாணயமாகப் பெற்றது என்பது அதன் சாரம். இஸ்ரேலிய அரசின் பறிமுதல் உத்தரவிற் கண்ட முகவரிகளும், ‘எலிப்ரிக்’ என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணிப்புமே அதற்கு ஆதாரம். ஒரு வாரத்துள் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் அத்தொகையை மேற்கோள் காட்டி வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினர். ஒக்டோபர் 25 ஆந் திகதி, அதே எலிப்ரிக் நிறுவனம் எழுந்து, அவ்வளவு பெருந்தொகை அவ்வழியே திரட்டப்பட்டதற்குச் சான்று எதுவுமில்லை என்றது. அம்முகவரிகளிற் சில பலருடைய பணத்தையும் கைமாற்றும் தரகருடையனவாக இருக்கலாம் என்பதே அது கூறிய காரணம். பத்திரிகையும் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

எமது ஊர்களில் உண்டியல் முறையை அறியாதவர் இலர். ஓர் உண்டியல்காரரின் கையால் ஒரு மாதத்திற் சென்ற பணம் முழுவதையும், அவரிடம் வந்த ஒரு வாடிக்கையாளரின் தலையிற் சுமத்தினால் அஃது எத்துணை அபத்தமோ, அத்துணை அபத்தம் இது. ஏட்டிலிருந்த இலக்கங்களில் ஒன்றேனும் பொய்யன்று. இலக்கங்கள் அனைத்தும் மெய்யாயிருக்கையிலேயே செய்தி பிழையாயிற்று என்பதுதான் கூர்ந்து நோக்கற்பாலது. சிலப்பதிகாரத்திற் பாண்டியன் முன் கொண்டுவரப்பட்ட சிலம்பு மெய்யான சிலம்பே. அது யாருடையது, அதனுள் இருக்கும் பரல் யாது என்று விசாரியாமையே கோவலனைக் கொன்றது. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது அரசன் உயிர்விட்டான். இன்றைய பெரும் பத்திரிகைகள் இரண்டரை வாரத்தின் பின் ஒரு சிறு திருத்தத்தோடு தப்பிவிடுகின்றன. ஆனால் போர்க்காலத்தில் அந்த இரண்டரை வாரம் குறுகிய காலமன்று.

கிரிப்டோ உலகின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று எவ்வாறு வெளிவந்தது என்பதையும் நோக்குவோம். 2022 நவம்பர் 2 ஆந் திகதி ‘கொயின்டெஸ்க்’ செய்தித்தளத்தின் நிருபர் இயன் அலிசன், ‘அலமேடா’ என்னும் வர்த்தக நிறுவனத்தின் ஐந்தொகையைத் தாம் பார்வையிட்டதாக எழுதினார். அந்நிறுவனத்தின் சொத்து 1,460 கோடி டொலர் எனக் காட்டப்பட்டிருந்தது. அதில் மிகப் பெரிய பங்கு, உறவு நிறுவனமாகிய ‘எவ்.ரி.எக்ஸ்’ தானே அச்சடித்துக்கொண்ட நாணயம். செய்தி வந்து ஒன்பதாம் நாள் எவ்.ரி.எக்ஸ். வங்குரோத்து மனுச் செய்தது. வாடிக்கையாளரின் பணத்தை வரம்பின்றி எடுத்துக்கொள்ளும் சலுகை அலமேடாவுக்கு அந்நிறுவனத்தின் உள்நிரலிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பது 2023 இல் நடந்த விசாரணையில் வெளியாயிற்று. அதன் தலைவர் சாம் பாங்மன்-பிரைட்டுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே பொய் இருந்த இடம் எது? எவரும் வாசிக்கக்கூடிய திறந்த ஏட்டில் அன்று. நிறுவனத்தின் பூட்டிய அறைக்குள் இருந்த கணக்கில். வெளியே கொண்டுவந்தது எது? ஒரு நிருபரின் கைக்கு எட்டிய ஆவணம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘த பிளொக்’ என்னும் கிரிப்டோச் செய்தி நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அலுவலர், அதே அலமேடாவிடமிருந்து 4 கோடி 30 இலட்சம் டொலர் கடனாகப் பெற்றிருந்தார் என்பது 2022 டிசம்பரில் அம்பலமாயிற்று. அவர் பதவி விலகினார். கொயின்டெஸ்க்கும் விதிவிலக்கன்று. அதன் உடைமையாளராயிருந்த குழுமமே கிரிப்டோ வணிகக் குழுமம். 2023 நவம்பரில் அத்தளத்தை வாங்கியதும் ஒரு நாணயமாற்று நிறுவனத்தின் உடைமையாளரே. ஏட்டை அழிக்க முடியாதென்று பெருமை பேசுவோரே, ஏட்டை வாசிப்பவனை விலைக்கு வாங்க முடியாதென்று உங்களாற் கூற முடியுமா?

விலைக்கு வாங்க முடியாதவனை வேறு வழியில் அடக்குகின்றனர். கம்போடியாவிலும் மியன்மாரின் எல்லைப்புறத்திலும் இணைய மோசடி முகாம்கள் உள்ளன. வேலை தருவதாக ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் அங்கே அடைக்கப்பட்டு, அடியும் உதையும் பட்டு, அயல்நாட்டு மக்களைக் காதல் மொழியாலும் முதலீட்டு ஆசையாலும் ஏமாற்றுமாறு பணிக்கப்படுகின்றனர். மியன்மாரின் மியாவடிப் பகுதி முகாம்களிலிருந்து 2024 இல் மீட்கப்பட்டோருள் எமது நாட்டு இளைஞரும் இருந்தனர். கறக்கப்படும் பணம் பெரும்பாலும் கிரிப்டோ நாணயமாகவே செல்கின்றது. அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், பாதிக்கப்பட்ட 4,000 பேருக்கு மேற்பட்டோர் தெரிவித்த முகவரிகளிலிருந்து தொடங்கி, 2020 ஜனவரி முதல் 2024 பெப்ரவரி வரை 7,500 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை நாணயமாற்று நிறுவனங்களைச் சென்றடைந்ததைக் கணித்தனர். ஏமாந்தவர்கள் தம் வெட்கத்தை விட்டு வாய் திறந்தமையாலேதான் அவ்விலக்கங்களுக்குப் பொருள் கிடைத்தது.

அம்முகாம்களைப் பற்றிக் கம்போடியாவிலிருந்தே எழுதிய செய்தி நிறுவனங்களில் முதன்மையானது ‘ஜனநாயகத்தின் குரல்’. வேறொரு செய்தியைக் காரணங் காட்டி, 2023 பெப்ரவரி 13 ஆந் திகதி அதன் அனுமதிப்பத்திரத்தை அன்றைய பிரதமர் ஹுன் சென்னின் அரசு பறித்தது. அந்நிறுவனத்தில் உழைத்தவரும் முகாம்களின் கொடுமையை அயராது எழுதியவருமான மெச் தாரா என்ற பத்திரிகையாளர், சமூக வலைத்தளப் பதிவுகளுக்காக 2024 செப்ரெம்பர் 30 ஆந் திகதி கைது செய்யப்பட்டு, ஒக்டோபர் 24 ஆந் திகதி பிணையில் விடப்பட்டார். 2025 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கா கம்போடியாவின் ‘பிரின்ஸ்’ குழுமத் தலைவர்மீது குற்றஞ்சாட்டி, ஏறத்தாழ 1,500 கோடி டொலர் பெறுமதியான 1,27,271 பிட்கொயின்களைப் பறிமுதல் செய்ய வழக்குத் தொடுத்தபோது உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. முகாம்களின் வாயிலிலே நின்று எழுதியவர்களின் பத்திரிகையோ அதற்கு இரண்டரை ஆண்டுகளின் முன்னரே மூடப்பட்டுவிட்டது.

இதுவே நாம் வற்புறுத்த விரும்புவது. ஏட்டை எந்த அரசாலும் அழிக்க முடியாது என்கின்றனர், உண்மையாக இருக்கலாம். அதனை அழிக்க வேண்டிய தேவை எந்த அரசுக்கும் இல்லை. இலக்கத்திற்குப் பெயர் சூட்டக்கூடிய மனிதனை அகற்றிவிட்டால் அழியாத ஏடும் ஊமையாகிவிடும்.

பெயர் சூட்டும் அதிகாரம் இன்று எவரிடம் உள்ளது? ‘செயினலிசிஸ்’, எலிப்ரிக் போன்ற சில தனியார் நிறுவனங்களிடம் உள்ளது. ஏடு பொதுவுடைமை, எந்த முகவரி யாருடையது என்னும் அகராதியோ தனியுடைமை. பொலிஸாரும் வங்கிகளும் நாணயமாற்று நிறுவனங்களும் அதனை விலை கொடுத்து வாங்குகின்றனர். சிறு பத்திரிகையின் நிருபர் அவ்விலையை எங்ஙனம் கொடுப்பார்? இலவசமாகக் கிடைப்பினும், கொடுப்பவர் காட்டியதையே அவர் காண்பார். அந்த அகராதி பிழையற்றதா என்பதும் வெளியார் சோதித்தறிந்த ஒன்றன்று. ‘பிட்கொயின் ஃபொக்’ என்னும் பணக் கலப்புச் சேவை பற்றிய வழக்கில், தமது மென்பொருளின் துல்லியத்தை நிறுவும் விஞ்ஞான ஆய்வு எதனையும் தாம் அறியார் எனச் செயினலிசிஸ் அலுவலர் ஒருவரே 2023 இற் சாட்சியமளித்தார். நீதிமன்று அச்சான்றை ஏற்றது. 2024 இல் எதிரி குற்றவாளியாகக் காணப்பட்டு 12 ஆண்டு 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அத்தீர்ப்பின் சரி பிழையை நாம் இங்கு ஆராயவில்லை. குறுக்கு விசாரணை செய்யச் சட்டத்தரணிகள் உள்ள நீதிமன்றிலேயே இத்தனை வினா எழுமாயின், குறுக்கு விசாரணையே இல்லாத பத்திரிகைப் பக்கத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

‘அப்படியாயின் அகராதியையும் திறந்துவிடுங்கள், எல்லா முகவரிகளுக்கும் பெயர் வெளியாகட்டும்’ என்று சிலர் கூறலாம். அதனையும் நாம் ஏற்பதற்கில்லை. வேலைநிறுத்த நிதிக்குச் சிறு தொகை அனுப்பிய தொழிலாளியும், தடைசெய்யப்பட்ட பத்திரிகைக்கு உதவிய மாணவனும் அதே ஏட்டிலேதான் இருப்பர். அவர்களுடைய பெயர் வெளியானால் முதலிற் கதவைத் தட்டுபவன் பொலிஸ்காரன். மக்களின் பணத்தை ஆள்வோரும் மக்களின் பணத்தைக் கறப்போரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். சாதாரண மனிதனின் பணப்பை ஊரார் பார்வைக்குரியதன்று. இவ்வேறுபாட்டை எந்த நிரலும் அறியாது. சமூகப் பார்வையுள்ள பத்திரிகையாளனே அறிவான்.

ஆகவே நாம் வேண்டுவன தெளிவானவை. ஒரு முகவரியை ஒரு மனிதனோடு இணைக்கும் எந்தச் செய்தியும், ஏட்டுக்கு வெளியே மற்றொரு சான்றையேனும் காட்ட வேண்டும். அது நீதிமன்றப் பதிவாகலாம், நிறுவன ஆவணமாகலாம், நேரிற் கண்டவரின் வாக்குமூலமாகலாம். இணைப்பு எவ்வாறு செய்யப்பட்டது, அதில் அனுமானம் எவ்வளவு என்பதை வாசகருக்கு மறைக்கலாகாது. பொது நலன் கருதி முகவரிகளை வெளியிட்டால், மற்றவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கு அது வழிவிடும். குற்றஞ்சாட்டப்படுபவரின் விடையைக் கேளாது அச்சிடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகவரி அகராதியைச் சில நிறுவனங்களின் களஞ்சியத்தில் விட்டுவிடாது, பல நாட்டுப் பத்திரிகையாளர் ஒன்றுகூடித் தமக்கெனத் தொகுக்க வேண்டும். பனாமா ஆவணங்களை 2016 இல் வெளியிட்ட சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு, 2025 நவம்பரில் கிரிப்டோ நாணயமாற்று நிறுவனங்களின் அழுக்குப் பணத்தைப் பற்றியும் பல நாட்டுப் பத்திரிகைகளோடு சேர்ந்து எழுதியுள்ளது. ஆதலின் நாம் கேட்பது நடவாத காரியமன்று.

இறுதியாக எமது ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. எமது உயர்தர வகுப்புக்களில் வணிகப் பிரிவு மாணவன் இலாபம் காண்பதற்காகக் கணக்கீடு பயில்கிறான். கலைப் பிரிவு மாணவனோ கணக்கேட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்தப் பிரிவினை யாருக்கு வசதியானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்யுளிற் சொல்லுக்குச் சொல் பொருள் காண எமது மாணவருக்கு நாம் பழக்குகின்றோம். அதே கண்ணோடு ஓர் ஐந்தொகையையும் நகரசபையின் வரவு செலவுக் கணக்கையும் தொடர்க் கணக்கேட்டின் ஒரு பக்கத்தையும் வாசிக்கப் பழக்குவோம். எழுதியவன் யார், எழுதாது விட்டது யாது, இந்த இலக்கத்தின் பின்னால் நிற்கும் மனிதன் யாவன் என்று கேட்கப் பழக்குவோம். கேட்பவர் பலராயின், ஒருவரை விலைக்கு வாங்கியும் ஒருவரைச் சிறையிலிட்டும் இவ்வினாவை அடக்கிவிட எவராலும் இயலாது.